ஆல் வீல் டிரைவ் ஏத்திவிடும், நிறுத்துமா? சுபாரு அவுட்பேக் ஓனர்கள் சொன்ன கதைகள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். கேட்கும்போது இருந்த பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின மெயில்ல இருந்து தொடங்குது. மதுரைக்காரர். அஞ்சு வருஷம் டல்லஸ்ல வேலை பார்த்துட்டு, இப்போ டென்வருக்கு மாறியிருக்கார். வீட்ல நாலு மாசக் குழந்தை. பனியில வண்டி ஓட்டின அனுபவம் சுத்தமா கிடையாது. அவர் கேட்டது இதுதான்: "ப்ரோ, 2014 மாடல் சுபாரு அவுட்பேக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. 1,05,000 மைல் ஓடியிருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் 'ஆல் வீல் டிரைவ் வாங்கிடு, அப்புறம் பயமே இல்ல'ங்கறாங்க. நம்பி வாங்கலாமா?"

நானும் டென்வர்லதான் இருக்கேன், நாலு வருஷமா ஒரு அவுட்பேக் ஓட்டறேன். என் அனுபவம் மட்டும் போதாதுன்னு, ஆபீஸ்லயும் அபார்ட்மென்ட்லயும் அவுட்பேக் வெச்சிருக்கற ஆறு பேர்கிட்ட பேசினேன். ஒவ்வொருத்தரும் சொன்ன கதைக்குப் பின்னாடி என்ன இயற்பியல், என்ன மெக்கானிசம் இருக்குன்னு பார்க்கலாம். அதைப் புரிஞ்சுக்கிட்டா, அவுட்பேக் மட்டும் இல்ல, எந்த ஆல் வீல் டிரைவ் வண்டியைப் பத்தி யார் என்ன சொன்னாலும் எடைபோட முடியும்.

இந்த வண்டி எங்கேர்ந்து வந்தது?

கொலராடோ, வெர்மான்ட், மெயின் மாதிரி பனி கொட்டற மாநிலங்கள்ல சிக்னல்ல நின்னு சுத்திப் பார்த்தா ஒரு சுபாருவாவது கண்ணுல படும். இதோட வேர் ஜப்பான்ல இருக்கு. எழுபதுகளோட தொடக்கத்துல தோஹோகு மின்சார நிறுவனத்துக்கு ஒரு தேவை இருந்தது. பனி மலையில மின்கம்பிகளைப் பார்க்கப் போற ஊழியர்கள் அதுவரைக்கும் ஜீப்லதான் போனாங்க. அதைவிட சௌகரியமா, சாதாரண கார் மாதிரி இருக்கற, ஆனா நாலு சக்கரமும் இழுக்கற வண்டி அவங்களுக்கு வேணும். அந்த முயற்சியோட தொடர்ச்சியா 1972-ல சுபாரு லியோனே வேகன் ஃபோர் வீல் டிரைவோட விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவுல அவுட்பேக் வந்தது 1995 மாடலா. முதல்ல அது தனி வண்டிகூட இல்ல, லெகஸி வேகனோட ஒரு வகை. 'க்ரோக்கடைல் டண்டீ' படத்துல நடிச்ச பால் ஹோகனை விளம்பரத்துல போட்டு, காட்டு வண்டி மாதிரி காட்டினாங்க. தொண்ணூறுகள்ல யார்கிட்ட விக்கறதுன்னு அந்த நிறுவனம் ஆராய்ஞ்சப்போ அஞ்சு குழுக்கள் கிடைச்சது: ஆசிரியர்கள், மருத்துவத் துறைக்காரங்க, ஐ.டி. ஊழியர்கள், மலையேற்றம் மாதிரி வெளிப்புற வாழ்க்கை பிடிச்சவங்க, லெஸ்பியன் பெண்கள். விளம்பரங்களும் இவங்களை மனசுல வெச்சே வந்தது, டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா உட்பட. அதனால ஐ.டி. பார்க்கிங்ல இந்த வண்டி வரிசையா நிக்கறது தற்செயல் இல்ல மக்களே, நம்மளை முப்பது வருஷம் முன்னாடியே குறிச்சு வெச்சுட்டாங்க.

வேகன்னா என்னன்னு நம்ம ஊர் நேயர்களுக்கு ஒரு வரி. செடானோட டிக்கியை வெட்டிட்டு, கூரையை அப்படியே பின்னாடி வரைக்கும் நீட்டினா வேகன். எஸ்.யூ.வி. அளவுக்கு உயரம் இருக்காது, ஆனா சாமான் நிறைய ஏறும். அவுட்பேக்ல தரைக்கும் வண்டி அடிப்பகுதிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி 8.7 அங்குலம், அதாவது சுமார் 220 மி.மீ. பனிக்குவியல் மேல ஏறி இறங்க இது ரொம்ப உதவும்.

நாலு சக்கரமும் இழுத்தா என்ன நடக்கும்?

பெரும்பாலான கார்கள்ல எஞ்சின் முன் சக்கரம் ரெண்டை மட்டும்தான் சுத்தும். வண்டியோட எடையில ஏறக்குறைய 60 சதவீதம் முன் சக்கரங்கள் மேல இருக்கும்னு வெச்சுக்கலாம். ஒரு சக்கரம் தரையை எவ்வளவு தள்ள முடியுங்கறது ரெண்டே விஷயத்தைப் பொறுத்தது: அது மேல இருக்கற எடை, தரைக்கும் ரப்பருக்கும் நடுவுல இருக்கற உராய்வு. அப்படின்னா முன் சக்கர வண்டி, தரை கொடுக்கற பிடிப்புல 60 சதவீதத்தைத்தான் முன்னேறப் பயன்படுத்துது. மீதி 40 சதவீதம் பின் சக்கரத்துல சும்மா கிடக்கு. ஆல் வீல் டிரைவ் அதையும் வேலைக்கு எடுத்துக்குது. அவ்வளவுதான் விஷயம்.

காய்ஞ்ச தார் ரோட்ல உராய்வுக் குணகம் சுமார் 0.8. அங்க 60 சதவீதமே தேவைக்கு அதிகம், வித்தியாசமே தெரியாது. வண்டி ஏறி ஏறி இறுகிப்போன பனியில அது சுமார் 0.2. வழுக்கற ஐஸ்ல 0.1.

இப்போ டென்வர்ல இருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில மலைக்குப் போறோம்னு வைங்க. ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்துல இருக்கு. அதை ஒட்டி 7 சதவீதச் சரிவு வரும். அதாவது 100 மீட்டர் போனா 7 மீட்டர் உயரம். அதுல ஏற, வண்டி எடையில 7 சதவீத அளவுக்காவது தள்ளுவிசை வேணும். ஐஸ் படிஞ்ச அன்னைக்கு முன் சக்கர வண்டிக்குக் கிடைக்கறது 0.1 பெருக்கல் 60, அதாவது 6 சதவீதம். ஏறாது, சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். நாலு சக்கரமும் இழுத்தா 10 சதவீதம். ஏறிடும்.

நான் பேசின ஆறு பேரும் ஒரு விஷயத்தை ஒரே குரல்ல சொன்னாங்க: "மத்த வண்டியெல்லாம் ஓரமா மாட்டிக்கிட்டு நிக்கும், நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்." அது பெருமைக்குச் சொல்றது இல்ல. 6-க்கும் 10-க்கும் நடுவுல 7 இருக்கறதுதான் காரணம்.

நிறுத்தறது யாரு?

நம்ம ஊர்த் தேரை நினைச்சுக்கோங்க. வடம் பிடிக்க ஆள் கூடக் கூட தேர் சுலபமா நகரும். ஆனா தேரை நிறுத்தறதும் திருப்பறதும் வடம் பிடிக்கறவங்க கையில இல்ல. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடறவர் கையில இருக்கு. ஆல் வீல் டிரைவ்ங்கறது வடத்துக்கு இன்னும் ஆள் சேர்க்கற ஏற்பாடு. முட்டுக்கட்டை வேலையைப் பார்க்கறது டயர்.

ஏன்னா பிரேக் எல்லாக் கார்லயும் ஏற்கெனவே நாலு சக்கரத்துக்கும் இருக்கு. முன் சக்கர வண்டி, பின் சக்கர வண்டி, ஆல் வீல் டிரைவ், எல்லாத்துக்கும் பிரேக் கணக்கு ஒண்ணுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்துல போறப்போ பிரேக் அடிச்சா, காய்ஞ்ச ரோட்ல சுமார் 12 மீட்டர்ல நிக்கும். இறுகின பனியில 49 மீட்டர். ஐஸ்ல 98 மீட்டர். இதெல்லாம் சமதளத்துல, பிரேக்கை மிதிச்ச நொடியில இருந்து. நம்ம மூளை சுதாரிக்க எடுத்துக்கற நேரம் தனி.

இப்போ அதே 7 சதவீதச் சரிவுல, அதே ஐஸ்ல, கீழ இறங்கறோம். பிடிப்பு 10 சதவீதம். அதுல 7 சதவீதத்தைப் புவியீர்ப்பே தின்னுடும். வண்டியை நிறுத்த மிச்சம் இருக்கறது வெறும் 3. கணக்குப் போட்டா, 50 கி.மீ. வேகத்துல இருந்து நிக்க 300 மீட்டருக்கும் மேல ஆகும்.

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. முன் சக்கர வண்டி ஏற முடியாம அடிவாரத்துலயே நின்னுடும். அது ஒரு எச்சரிக்கை. ஆல் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையை அழிச்சுட்டு உங்களை மேல கொண்டுபோய் விட்டுடும். இறங்கறப்போ நீங்களும் உங்க டயரும்தான்.

என் டீம்ல இருக்கற ஒருத்தர் கதை இதுக்குப் பொருத்தம். அவர் வீடு ஒரு சரிவான தெருவுல. முதல் குளிர்காலம், காலையில கிளம்பறார். வண்டி ஜம்முனு கிளம்புது, ஒரு சக்கரம்கூட வழுக்கல. அந்த தைரியத்துலயே தெருமுனைக்கு வந்து பிரேக் அடிச்சா, ஏ.பி.எஸ். கடகடன்னு அடிக்குது, வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி சந்திப்போட நடுவுல போய் நிக்குது. நல்ல வேளை, எதிர்ல யாரும் வரல. "கிளம்பறப்போ வழுக்கியிருந்தா நான் ஜாக்கிரதையா இருந்திருப்பேன்"னார். அந்த வாரமே வின்டர் டயர் போட்டுட்டார்.

வின்டர் டயர்ல என்ன விசேஷம்? சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா சாதாரண டயரோட ரப்பர் இறுகத் தொடங்கும். வின்டர் டயர் ரப்பர் மெத்துன்னே இருக்கும், அதுல இருக்கற நுணுக்கமான கீறல்கள் பனியைக் கவ்வும். பக்கவாட்டுல மூணு முகடு உள்ள மலையும் நடுவுல ஒரு பனித்துகளும் அச்சாகியிருக்கான்னு பாருங்க. பனிக்கான சோதனையில தேறின டயருக்குத்தான் அந்தக் குறி கிடைக்கும். பிடிப்பு 0.2-ல இருந்து 0.25 ஆனாலே, 49 மீட்டர் 39 மீட்டர் ஆயிடும். பத்து மீட்டர்னா ரெண்டு கார் நீளம். முன்னாடி நிக்கற கார் பின்பக்கத்துல இடிக்கறதுக்கும் இடிக்காம இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்.

நாலு டயரும் ஒரே பொருள்

அடுத்தது, டீலர் ஷோரூம்ல யாரும் தானா வந்து சொல்லாத செலவு.

கார் திரும்பறப்போ நாலு சக்கரமும் நாலு வேகத்துல சுத்தும். மாட்டு வண்டியில இது பிரச்சனையே இல்ல, சக்கரம் ஒவ்வொண்ணும் அச்சுல தனித்தனியா சுத்திக்கும். கார்ல எஞ்சினும் சக்கரங்களும் பல்சக்கரங்களால இணைஞ்சிருக்கறதால, வேக வித்தியாசத்தை எங்கேயாவது தாங்கிக்கணும். இடது வலது வித்தியாசத்தை டிஃபரென்ஷியல் பார்த்துக்கும். முன் பின் வித்தியாசத்தை, ஆட்டோமேட்டிக் அவுட்பேக்ல, கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற பல தட்டு க்ளட்ச் ஒண்ணு பார்த்துக்குது. எஞ்சின் விசை முன் சக்கரத்துக்கு நேரா போகும், பின் சக்கரத்துக்கு இந்த க்ளட்ச் வழியா போகும். சாதாரண ஓட்டத்துல ஏறக்குறைய 60-க்கு 40 பங்கு. தேவைக்கேத்த மாதிரி கம்ப்யூட்டர் அந்தத் தட்டுகளை அழுத்தியோ தளர்த்தியோ பங்கை மாத்தும்.

திருப்பத்துல கொஞ்ச நேரம் அந்தத் தட்டுகள் வழுக்கிக்கறது சகஜம். அதுக்காகத்தான் அது எண்ணெயில ஊறிக்கிட்டு இருக்கு. ஆனா நேர் ரோட்ல, நாள் முழுக்க, வழுக்கிக்கிட்டே இருந்தா? சூடாகும், தேயும்.

நேர் ரோட்ல ஏன் வழுக்கும்? டயர் அளவு வேற வேறயா இருந்தா. நாலு டயரோட சுற்றளவும் கால் அங்குலத்துக்குள்ள ஒத்துப்போகணும்ங்கறது சுபாரு சொல்ற வரம்பு. கால் அங்குலம்னா 6.35 மி.மீ. அதை ரெண்டு பை-யால வகுத்தா ஆரத்துல வெறும் 1 மி.மீ. புது டயரோட ட்ரெட் ஆழம், நம்ம ஊர் பாஷையில பட்டன், சுமார் 8 மி.மீ. இருக்கும். பாதி தேய்ஞ்ச டயர் மூணும் புது டயர் ஒண்ணும் போட்டா, ஆரத்துல வித்தியாசம் 4 மி.மீ. அனுமதிச்சதைவிட நாலு மடங்கு.

225/60 ஆர்18 டயருக்கு இதையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேய்ஞ்ச டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புது டயரைவிட கிட்டத்தட்ட 5 சுத்து அதிகமா சுத்தும். டிஃபரென்ஷியல் அதைச் சராசரி ஆக்கினதுக்கு அப்புறமும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல கிலோமீட்டருக்கு ரெண்டரைச் சுத்து வித்தியாசம் நிக்கும். டென்வர்ல இருந்து 100 கி.மீ. போனா சுமார் 240 சுத்து. அத்தனையையும் அந்த க்ளட்ச்தான் தன் உடம்புல வாங்கிக்கணும்.

அபார்ட்மென்ட்ல மேல் மாடியில இருக்கற அக்காவுக்கு நடந்தது இதுதான். கேன்சஸ் பக்கம் லாங் ட்ரைவ். டயரோட பக்கச் சுவர்ல ஆணி. பக்கச் சுவர் கிழிஞ்சா பஞ்சர் ஒட்ட முடியாது, புது டயர்தான். மூணு டயர் பாதி தேய்ஞ்சிருக்கு. கடைக்காரர் நாலையும் மாத்தணும்னுட்டார். ஒரு டயர் 200 டாலர்னு வெச்சுக்கிட்டாலே, ஒரு ஆணிக்கு 800 டாலர். "ஏமாத்தறான்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து மேனுவலைப் படிச்சா அவன் சொன்னது சரி"ன்னாங்க.

ஆனா கடைக்காரர் சொல்லாத வழி ஒண்ணும் இருக்கு. அதே கம்பெனி, அதே மாடல் புது டயர் ஒண்ணு வாங்கி, மத்த மூணோட ட்ரெட் ஆழத்துக்குச் சீவிக் கொடுக்கற சேவை அமெரிக்காவுல உண்டு. டயர் ஷேவிங்னு பேரு. புது டயரைச் சீவறதைக் கேட்டா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா மூணு டயர் காசு மிச்சம்.

இதோட இன்னும் ரெண்டு பழக்கம் வேணும். ஒவ்வொரு 6,000 மைலுக்கும் டயர்களை இடம் மாத்திப் போடணும், அப்போதான் நாலும் ஒண்ணா தேயும். வண்டி வழியில நின்னுட்டா, நாலு சக்கரமும் தரையில படாம ஏத்திக்கிட்டுப் போற தட்டு லாரியைத்தான் கூப்பிடணும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுத்தா, பின் சக்கரம் சுத்திச் சுத்தி அந்த க்ளட்சையும் கியர்பாக்ஸையும் பதம் பார்த்துடும்.

வருஷம் இல்லாத புகார், வெர்ஷன் இல்லாத பக் ரிப்போர்ட்

ஓனர் அனுபவங்களைக் கேட்கறப்போ ஒரு குழப்பம் வரும். ஒருத்தர் "மூணு லட்சம் கி.மீ. ஓட்டிட்டேன், கோயில் காளை மாதிரி இருக்கு"ம்பார். இன்னொருத்தர் "எஞ்சினைப் பிரிச்சுட்டாங்க"ம்பார். ரெண்டு பேருமே பொய் சொல்லல. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழகின விஷயம்தான். "ஆப் க்ராஷ் ஆகுது"ன்னு ஒரு பக் ரிப்போர்ட் வந்தா முதல்ல என்ன கேட்போம்? எந்த வெர்ஷன்? வண்டிக்கும் அதே கேள்வி: எந்த மாடல் வருஷம்?

தொண்ணூறுகளோட கடைசியில இருந்து 2012 மாடல் வரைக்கும் நாலு சிலிண்டர் அவுட்பேக்ல இருந்தது ஈ.ஜே. வகை 2.5 லிட்டர் எஞ்சின். "சுபாருன்னா ஹெட் கேஸ்கெட் போகும்"ங்கற பேர் வந்தது இந்த எஞ்சினாலதான். சிலிண்டர்கள் படுக்கைவாட்டுல, ரெண்டு பக்கமும் எதிரெதிரா இருக்கற பாக்ஸர் அமைப்பு அது. எடை தாழ்வா இருக்கறதால வண்டி ஆட்டம் குறைவு. ஆனா கேஸ்கெட்டை மாத்தறது பெரிய வேலை. இந்த எஞ்சினோட டைமிங் பெல்ட்டையும் 1,05,000 மைலுக்கு மாத்தியாகணும்.

2013 மாடல்ல எஃப்.பி. வகை எஞ்சின் வந்தது. பெல்ட்டுக்குப் பதிலா செயின். ஹெட் கேஸ்கெட் பேச்சு அடங்கிச்சு, எண்ணெய் குடிக்கற பேச்சு கிளம்பிச்சு. 2013, 2014 அவுட்பேக் உள்பட சில மாடல்கள் எஞ்சின் ஆயிலை அதிகமா எரிக்குதுன்னு கூட்டு வழக்குப் போட்டாங்க. 2016-ல சமரசம் ஆகி, அந்தப் பிரச்சனைக்கான வாரன்டியை 8 வருஷம் அல்லது 1,00,000 மைலுக்கு நீட்டினாங்க.

கியர்பாக்ஸுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு. 2010 மாடல்ல இருந்து சி.வி.டி. வந்தது. பல்சக்கரக் கியர்களுக்குப் பதிலா, அகலம் மாறற ரெண்டு கப்பியும் நடுவுல ஒரு செயினும். தொடக்க கால சி.வி.டி. பத்திப் புகார்கள் வந்ததும், 2010 முதல் 2015 வரைக்குமான பல மாடல்களுக்கு அதோட வாரன்டியை 10 வருஷம் அல்லது 1,00,000 மைல்னு நீட்டினாங்க. அப்புறம் 2015-ல இருந்து 2020 வரைக்குமான அவுட்பேக்ல பேட்டரி தானா இறங்குதுன்னு ஒரு வழக்கு, அதுலயும் சமரசம்.

இதைக் கேட்டுட்டு "ஐயோ, மட்டமான வண்டி"ன்னு முடிவு கட்டிடாதீங்க. நிறைய பேர் வருஷக்கணக்கா வெச்சு ஓட்டற வண்டியிலதான் இவ்வளவு விவரமான புகார்ப் பட்டியல் கிடைக்கும். பட்டியல் கையில இருந்தா, எந்த வண்டியில எதைச் சோதிக்கணும்னு தெரியும்.

குடும்ப வண்டியா எப்படி?

இதுல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொன்னாங்க, அதனால சுருக்கமா சொல்லிடறேன். குழந்தை இருக்கைக்குப் பின் சீட்ல இடம் தாராளம். ஸ்ட்ரோலரை மடக்காம டிக்கியில தள்ளிடலாம், பக்கத்துல இந்தியன் ஸ்டோர் அரிசி மூட்டையும் போகும். ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவுக்குத்தான் ரொம்பப் பிடிச்சுதுன்னு மூணு பேர் சொன்னாங்க. சீட் உயரம் இடுப்பு மட்டத்துல இருக்கறதால, முட்டிவலிக்காரங்க குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே உட்கார்ந்துடலாம்.

பிடிக்காதது என்ன? இழுவை. 2014 மாடலோட 2.5 லிட்டர் எஞ்சின் 173 குதிரைத்திறன். ஆனா அது கடல் மட்டத்துக் கணக்கு. டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரத்துல இருக்கு. காத்து மெலிஞ்சா, டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டென்வர்லயே ஏறக்குறைய 15 சதவீத சக்தி போயிடும், ஐசன்ஹோவர் சுரங்கத்துகிட்ட அதைப்போல ரெண்டு மடங்கு. நாலு பேரும் சாமானும் ஏறினா சி.வி.டி. ஒரே சுதியில ஊளையிட்டுக்கிட்டு மலை ஏறும். மைலேஜ், அரசாங்கக் கணக்குப்படி ஊருக்குள்ள 24, நெடுஞ்சாலையில 30. நம்ம கணக்குல லிட்டருக்குப் பத்து, பன்னெண்டரை கி.மீ. நாலு சக்கரத்தையும் சுத்தற பாரத்தை வெயில் காலத்துலயும் சுமந்துக்கிட்டுத்தான் போகணும்.

சரி, அந்த 2014-ஐ வாங்கலாமா?

மெயில் அனுப்பின நண்பருக்கு என் பதில். நீங்க பார்த்திருக்கறது 2014 மாடல், 1,05,000 மைல். மேல சொன்ன ரெண்டு நீட்டிப்பு வாரன்டியும் மைல் கணக்குலயும் முடிஞ்சாச்சு, வருஷக் கணக்குலயும் முடிஞ்சாச்சு. அதாவது எஞ்சின் எண்ணெய் குடிச்சாலும், சி.வி.டி. மக்கர் பண்ணாலும், செலவு முழுக்க உங்களுது. அதனால வண்டியைப் பார்க்கப் போறப்போ இதைச் செய்யுங்க.

முதல்ல நாலு டயர். ஒரே கம்பெனியா, ஒரே மாடலான்னு பாருங்க. ட்ரெட் ஆழம் அளக்கற கருவி சில டாலர்தான், வாங்கிட்டுப் போய் நாலையும் அளங்க. ரெண்டு கம்பெனி டயர் கலந்து இருந்தா, அந்த ஓனருக்கு நான் இப்போ சொன்னதெல்லாம் தெரியலைன்னு அர்த்தம். அந்த க்ளட்ச் எவ்வளவு சுத்து வாங்கியிருக்கோ!

ரெண்டாவது, எஞ்சின் சூடானதுக்கு அப்புறம் காலியான பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, மெதுவா வட்டம் அடிங்க. வண்டி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி தடுமாறினா, விட்டு விட்டு அதிர்ந்தா, முன் பின் வேக வித்தியாசத்தை க்ளட்ச் விட்டுக்கொடுக்கல. அந்த வண்டி வேண்டாம்.

மூணாவது, ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்க, நடுநடுவுல ஆயில் ஊத்தினதா இருக்கான்னு பாருங்க. சி.வி.டி. ஆயில் எப்போ மாத்தினாங்கன்னும் கேளுங்க. லட்சம் மைலுக்குள்ள ஒரு தடவையாவது மாத்தறது நல்லதுன்னு சொல்ற மெக்கானிக்குங்க நிறைய பேர்.

நாலாவது, வண்டியோட அடையாள எண்ணை அரசு சாலைப் பாதுகாப்புத் துறையோட தளத்துல போட்டா, முடிக்காத ரீகால் இருந்தா காட்டும், காசு கிடையாது. அப்புறம் விக்கறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க. இதுக்கு ஆகற செலவைப் பார்த்துத் தயங்காதீங்க.

கடைசியா பட்ஜெட். வண்டி விலையோட வின்டர் டயர் ஒரு செட் விலையையும் சேர்த்துக் கூட்டுங்க. அந்தக் கூட்டுத்தொகை கைக்கு எட்டலைன்னா, உங்களுக்கு என் யோசனை வேற: இன்னும் புதுசான, சாதாரண முன் சக்கர வண்டி ஒண்ணு வாங்கி, அதுக்கு நாலு நல்ல வின்டர் டயர் போடுங்க. தினசரி ஓட்டம் ஆபீஸ், டாக்டர், டே-கேர்னா, மட்டமான டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிட அதுதான் உங்க குழந்தைக்குப் பாதுகாப்பு. நிறுத்தறதுதான் முக்கியம்.

வாரா வாரம் மலைக்குப் போவீங்க, இல்ல வீடே செங்குத்தான தெருவுலன்னா, ஆல் வீல் டிரைவ் வாங்குங்க, அதுக்கு அங்க நிஜமாவே வேலை இருக்கு. ஆனா சட்டமும் டயரைத்தான் பார்க்குதுங்கறதைக் கவனிங்க. ஐ-70-ல டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் நடுவுல, செப்டம்பர் 1-ல இருந்து மே 31 வரைக்கும், பனி நாள்ல ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் ட்ரெட் ஆழம் குறைஞ்சது 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மி.மீ. இருக்கணும். பெரும்பாலான மாநிலங்கள்ல சாதாரணமா கேட்கறது 1.6 மி.மீ.தான். பாதி தேய்ஞ்ச டயரோட மலைக்குக் கிளம்பினா, வண்டி ஏறினாலும் சட்டம் ஏத்தாது.

குளிர்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி காலி மைதானத்துல ஒரு தடவை, முதல் பனி விழுந்ததும் அதே இடத்துல இன்னொரு தடவை, மணிக்கு 30 கி.மீ. வேகத்துல பிரேக் அடிச்சுப் பாருங்க. எத்தனை அடி தள்ளிப் போய் நிக்குதுன்னு உங்க கால் தெரிஞ்சுக்கட்டும்.

வேற எந்த வண்டி பத்தியாவது கேள்வி இருந்தா அனுப்புங்க மக்களே. மாடல் வருஷத்தையும் மைலையும் மறக்காம எழுதுங்க, அது இல்லாத பக் ரிப்போர்ட்டை நான் மூடிடுவேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.